வேலையிடத்துக் காயங்களும் முதல் உதவியும்

கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் பணத்துக்கு இரும்புப் பெட்டி உண்டு. பேரேடுகளுக்கு அலமாரி உண்டு. உரம் நிறுக்கத் தராசு உண்டு. அங்கத்தினர் ஒருவருடைய கை கதிரடிக்கும் இயந்திரத்தில் அகப்பட்டுக்கொண்டால் அதைக் கட்ட ஒரு முழம் சுத்தமான துணி இருக்கிறதா என்று பார்த்தால், அநேகமாய் இராது. வாங்கிய கடனைத் தீர்க்க வேண்டியது அந்தக் கையே. ஆகையால் இது வைத்தியருக்கு மட்டும் உரிய விஷயம் அன்று, சங்கத்துக்கும் உரியதே.

காயம்பட்டவர் வைத்தியசாலையை அடையும் வரையில் அவருடைய ஸ்திதி பக்கத்தில் வேலை செய்பவர் கையில் இருக்கிறது. அவர் ஒன்றும் செய்யாமையால் வரும் கெடுதியைக் காட்டிலும், அன்பினால் பதறிக் கண்டதைப் பூசுவதால் வரும் கெடுதி பல சமயங்களில் பெரிது.

வெல்லம் காய்ச்சும் கொட்டகையைப் பாருங்கள். பதம் வந்த பாகு கொதிக்கும் ஜலத்தைவிடச் சூடு மிகுந்தது. தோலில் ஒட்டிக்கொண்டு மேன்மேலும் சுடும். அதைப் பிய்த்தெடுக்கலாகாது. உடனே சுட்ட இடத்தின்மேல் குளிர்ந்த சுத்தமான ஜலத்தை 20 நிமிஷம் விடாமல் ஓடவிட வேண்டும். பனிக்கட்டி வைக்கலாகாது. ஜலம் பட்டால் கொப்புளம் கிளம்பும் என்று தடுக்கும் பெரியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. கொப்புளம் சூட்டினால் உண்டாவதேயன்றி ஜலத்தினால் உண்டாவதன்று. வீக்கம் காணுமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். பேனா மை, காப்பித்தூள், எண்ணெய், பற்பசை இவற்றில் எதுவும் உதவாது. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர மூடி அனுப்புவதே சரியான முறை.

அரிவாள் வெட்டாயினும் இயந்திரக் காயமாயினும், மடித்த சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் பத்து நிமிஷம் இடைவிடாது அழுத்த வேண்டும். இரத்தம் நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்ப்பதே பலர் செய்யும் பிழை. ஆணி முதலியன ஆழத் தைத்திருந்தால் பிடுங்கலாகாது. மண்ணிலும் சாணத்திலும் தனுர்வாயுக் கிருமிகள் இருப்பதால் அவற்றைக் காயத்தில் அப்புவது பேராபத்து. விரல் துண்டுபட்டால் அதை எறிந்துவிடாமல், ஈரத்துணியில் சுற்றி, ஜலம் புகாத பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டி போட்ட ஜலத்தில் வைத்துக் காயம்பட்டவருடனேயே அனுப்ப வேண்டும். விரல் நேரே பனிக்கட்டியில் படலாகாது. தாமதியாமற் சென்றால் ஒட்டவைக்கும் வழி சில சமயம் உண்டு.

வயலில் பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், மந்திரிப்பவர் வீட்டு வாசலில் காத்திருப்பதும் உயிரைப் போக்கும் காரியங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட அங்கத்தைச் சட்டம் வைத்து அசையாமற் செய்து, விஷமுறிவு மருந்துள்ள வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுபோக வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் மருந்து ஒன்றே. பாம்பைத் துரத்திப் பிடித்துவர வேண்டியதில்லை. கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் காணாதிருக்கலாம். அதை நம்பி வீட்டில் தங்கலாகாது. இம்மருந்து செய்யத் தேவையான விஷத்தை, வடநெம்மேலியில் 1978-இல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்து அளித்து வந்திருக்கின்றனர். கூட்டுறவு என்பது கடன் கொடுப்பது மாத்திரமே என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கலாம்.

பம்பு செட்டில் மின்சாரம் தாக்கினால், முதலில் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். அதற்குமுன் அவரைத் தொட்டால் இருவருக்கும் அபாயம். அறுந்து விழுந்த மின்கம்பியை அணுகவே கூடாது. நினைவும் மூச்சும் இல்லாவிடில் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, இரண்டு அங்குல ஆழம் அமுங்குமாறு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை உதவி வரும் வரையில் அழுத்த வேண்டும்.

பூச்சிமருந்து மேலே பட்டால் உடையைக் களைந்து சோப்பும் ஜலமும் கொண்டு கழுவ வேண்டும். குடித்துவிட்டவரை வாந்தியெடுக்கச் செய்யலாகாது. புட்டியையும் கூடவே வைத்தியரிடம் கொண்டுபோவது உத்தமம்.

சங்கத்தில் வைக்கவேண்டிய பெட்டிக்குச் செலவு சொற்பமே: சுத்தமான துணி மடிப்புகள், சுருள் கட்டுகள், கத்தரிக்கோல், கையுறை, சோப்பு, இரண்டு மரச்சட்டங்கள். இதற்குப் பூட்டுப் போடலாகாது. தமிழ்நாட்டில் 2008 முதல் நடந்துவரும் ஆம்புலன்ஸ் ஊர்தியை அழைக்கும் எண் 108. அதைப் பெட்டியின்மேலும், இயந்திரக் கொட்டகைச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதை அடுத்த நிர்வாகக் கமிட்டிக் கூட்டத்திலேயே தீர்மானிக்கலாம்.