ஆமைக் குஞ்சின் ஓடும் நம் வீட்டுப் பிள்ளையும்

(மேல்பட்டாம்பாக்கத்தில் தம்பதியர் கூட்டத்தில் பேசியது)



நர்சம்மா வந்தால் தடுப்பூசி பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அது அடுத்த கூட்டத்துக்கு. இன்றைக்கு ஆமை. சிரிக்காதீர்கள். "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். இப்போது என்னடாவென்றால், டவுனுக்குப் போகிறவர்கள் காசு கொடுத்து ஆமைக் குஞ்சை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிற பச்சை ஆமை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. அதற்குச் சொந்த ஊர் அமெரிக்கா.

போன வருஷம் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. "நர்சம்மா, பிள்ளைக்கு நாலு நாளா பேதி, கொஞ்சம் வந்து பாருங்க." போனேன். இரண்டு வயதுப் பிள்ளை, கண் குழி விழுந்து மடியில் கிடந்தது. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தேன். அப்புறம்தான் கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் பேசினைப் பார்த்தேன். உள்ளே ஆமைக் குஞ்சு. பெரிய பிள்ளை சொன்னான்: "அதுக்கும் ஒடம்பு சரியில்லீங்க. முதுகு அப்பளம் நனைஞ்சாப்புல அமுங்குது." தொட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

அதற்கு என்ன தீனி? சோறு, பொரி, பிஸ்கட். வெயில்? கட்டிலுக்கு அடியில் ஏது வெயில்?

ஆமை ஓட்டை நாம் ஏதோ மேலே கவிழ்த்த சட்டி என்று நினைக்கிறோம். அப்படியல்ல. அது எலும்பு. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்து ஓடாகியிருக்கின்றன. அதன்மேல் நம் நகம் போன்ற தகடுகள் மூடியிருக்கும். கீறினால் அதற்குத் தெரியும், வலிக்கும். எலும்பு இறுக வேண்டுமானால் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். மேலே வெயில் பட்டால்தான் அதற்கு அது வேண்டிய அளவு ஊறும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

வளர்க்கிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். காலை வெயிலில் தினம் அரை மணி நேரமாவது வையுங்கள். பேசினில் பாதி நிழலாக இருக்கட்டும். முழு வெயிலில் சின்னப் பேசின் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பேறும், குஞ்சு செத்துப்போகும். காக்கையும் பூனையும் தொடாமல் மேலே வலை போடுங்கள். ஆமை முழுதாக ஏறி, உடம்பு காய்கிற மாதிரி ஒரு கல் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். எந்நேரமும் ஈரத்தில் ஊறினால் ஓடு அழுகும். முள்ளோடு சின்ன மீன், மண்புழு, முருங்கைக்கீரை போடலாம். கருவாடு வேண்டாம், உப்பு. கடலூர்க் கடற்கரையில் வெள்ளையாகக் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும், பெரும்பாலும் சுண்ணாம்புதான். நன்றாகக் கழுவி ஒரு துண்டு போட்டு வையுங்கள், அது கொறித்துக்கொள்ளும். மிச்சத் தீனியை எடுத்துவிட்டுத் தண்ணீர் மாற்றுங்கள். பளபளப்புக்கு எண்ணெய், பெயின்ட் எதுவும் தடவாதீர்கள். வளரும்போது மெல்லிய தகடு தானாக உரியும். நீங்கள் உரிக்க வேண்டாம். வெள்ளையாகக் குழிந்து நாறினாலும், சிவந்தாலும், மெத்தென்று ஆனாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனிப் பிள்ளை விஷயம். ஆமை நல்ல திடமாக இருந்தாலும் அதன் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். கழிவு கலந்த தண்ணீரிலும் ஓட்டிலும் அது ஒட்டியிருக்கும். ஆமையைத் தொட்ட கையைப் பிள்ளை வாயில் வைத்தால் போதும்: பேதி, காய்ச்சல், வயிற்று வலி. இதனால்தான் அமெரிக்காவிலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்கு விற்க 1975-ல் தடை போட்டார்கள். அந்த வீட்டுப் பேதி ஆமையால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆமைத் தண்ணீரை அரிசி களைகிற இடத்தில்தான் கொட்டியிருந்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும், கர்ப்பிணிகளும், வயதானவர்களும் ஆமையைத் தொடாமல் இருப்பதே நல்லது. தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைப் பேசின் சமையலறைக்கே வரக்கூடாது.

இன்னொன்றும் பார்த்தேன். பேதி வந்த அந்தப் பிள்ளையும் ஆமையைப் போலவே வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. கறுத்துவிடும் என்று பாட்டி வெயிலில் விடுவதில்லையாம். பிள்ளை எலும்புக்கும் அதே சுண்ணாம்பு, அதே வெயில்தான். இல்லாவிட்டால் கால் வளையும், மணிக்கட்டு புடைக்கும்; ரிக்கெட்ஸ் என்பது அதுதான். கர்ப்பிணிகளுக்கு 14 வாரம் கடந்ததும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை தருகிறோம். சாப்பாட்டோடு நாளைக்கு இரண்டு வேளை, பிள்ளை பிறந்து 6 மாதம் வரை. இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அண்ணன்மார்களே, மாத்திரையை ஞாபகப்படுத்துவது உங்கள் வேலை.

ஏரியிலிருந்தும் காட்டிலிருந்தும் ஆமை பிடித்து வந்து வைக்காதீர்கள். நட்சத்திர ஆமை, ஏரியில் கிடக்கும் தோலோட்டு ஆமை இவற்றை வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய சிவப்புக் கோட்டு ஆமையோ தட்டு அளவுக்கு வளரும், இருபது முப்பது வருஷம் இருக்கும். அலுத்துப்போனது என்று பெண்ணையாற்றிலோ ஏரியிலோ விட்டால் நம்ம ஊர் ஆமைகளின் தீனியையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வாங்குமுன் புருஷனும் பெண்சாதியும் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

அந்த வீட்டுக்கு மூன்று மாதம் கழித்துப் போனேன். சின்னது தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. பேசின் கொல்லையில், பாதி நிழலில் இருந்தது. ஆமையின் ஓரங்கள் இறுகியிருந்தன. முதுகில் விழுந்த பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது இனி நிமிராது.