இயந்திரத்துக்கும் நாள் குறிப்போம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கத்தியைத் தீட்டாமல் நம்மில் யாரும் நிரைக்குப் போவதில்லை. மழுங்கிய கத்தி பட்டையைக் காயப்படுத்தும், பாலைக் குறைக்கும் என்று நாம் அறிவோம். இந்த அக்கறை ஸ்டோரிலுள்ள இயந்திரத்துக்கு ஏன் கிடைப்பதில்லை?

‘நின்றால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே பல இடங்களில் வழக்கம். ஆனால் பால் காத்திருக்குமா? உறைந்த பால் நேரத்தோடு உருளையில் ஏறாவிட்டால் இறுகிப் புளிக்கும், சீட்டில் குமிழி விழும், தரம் இறங்கும். நிர்வாகத்துக்குப் போவது பணம். நமக்குப் போவதோ விரல்! இன்றைய பாலை இன்றே முடிக்கும் அவசரத்தில், விசையை நிறுத்தாமலே உருளையில் கை வைக்கும் நிலை வருகிறது. பிறகு, ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த உருளை கடைசியாக என்றைக்குப் பழுது பார்க்கப்பட்டது என்று கேட்டால் பதில் இல்லை.

ஆகவே ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஓர் ஏடு வேண்டும். நாள்தோறும் உருளையைக் கழுவி எண்ணெய் விடவேண்டும். வாரந்தோறும் பெல்ட்டையும், பாதுகாப்புக் கம்பியையும், அவசர நிறுத்தத்தையும் சோதிக்கவேண்டும். மாதந்தோறும் பேரிங், பல்சக்கரத் தேய்மானத்தைப் பார்க்கவேண்டும்.

பெரிய வேலைக்கு எது காலம்? பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கிறது, பால் குறைகிறது. உருளையைக் கழற்றுவதும் புகைக்கூடத்தைச் செப்பனிடுவதும் அப்போதே நடக்கட்டும். அதற்கு வேண்டிய சாமான்களுக்கு டிசம்பரிலேயே ஆர்டர் போகவேண்டும். இது கிராணிமாராகிய நம் பொறுப்பு. பேனா பிந்தினால் சுத்தியல் காத்திருக்கும்.

இயந்திரத்தின் முதல் முனகலைக் கேட்பவர் அதில் வேலை செய்பவரே. அவர் சொல் ஏட்டில் ஏறவேண்டும். பழுது பார்க்கும்போது மின்விசையை நிறுத்திப் பூட்டி, சாவியைப் பழுது பார்ப்பவரே வைத்திருக்கவேண்டும்.

நாம் கேட்பது சலுகை அல்ல. இயந்திரங்களை ஆபத்தில்லாத நிலையில் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது 1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பதும் அச்சட்டமே. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் உள்ள தொழிலாளி அதைத் தெரிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமை 2024 ஜூன் 1 முதல் அதில் சேர்ந்திருக்கிறது.

எனவே அடுத்த குழுக் கூட்டத்தில் நம் முதல் கோரிக்கை இதுதான்: பராமரிப்பு அட்டவணையை ஸ்டோர்ச் சுவரில் ஒட்டுக! தமிழிலும், நம்மோடு உழைக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களின் மொழிகளிலும் ஒட்டுக! குறித்த நாள் தவறினால் ஏன் என்று நாம் கேட்போம், ஒற்றுமையாகக் கேட்போம்.