பிஸ்டன் வளையத்தின் கவசம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



லாரி நீலப் புகை கக்கினால் டிரைவர் அண்ணன் என்ன சொல்வார்? "ரிங்கு தேஞ்சு போச்சு" என்பார். பிஸ்டனைச் சுற்றியுள்ள அந்த வளையம் தேய்ந்தால் எண்ணெய் மேலேறி எரியும். வெடிப்பின் அழுத்தம் கீழே கசியும். இஞ்சினுக்குப் பலம் போய்விடும்.

லாரிக்கே இப்படி என்றால் கப்பலுக்கு? 2006-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய எம்மா மார்ஸ்க் கப்பலின் டீசல் இஞ்சினில் 14 சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 96 சென்டிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் உயரம் 250 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 102 சுற்று என்றால், வளையம் ஒரு நாளில் உரசிச் செல்லும் தூரம் 700 கிலோமீட்டருக்கு மேல்! மாணவர்களே, வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஜொகூரில் உள்ள தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்கும் இத்தகைய பெரிய கப்பல்கள் வருகின்றன.

வெறும் வார்ப்பிரும்பு இதைத் தாங்காது. ஆகவே வளையத்தின் முகத்தில் கடினமான பூச்சு ஏற்றுகிறார்கள். பழைய முறை குரோமியம். அமிலத் தொட்டியில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அது மெல்லிய தோல்போல் படியும். ஆனால் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் எண்ணெய் நிற்காது. அதற்காக மின்சாரத்தைத் திருப்பிவிட்டு நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குவார்கள். எண்ணெய் அதில் தங்கும். இன்னொன்று: வளையத்துக்கும் குரோமியம், சிலிண்டருக்கும் குரோமியம் என்று போடக்கூடாது. இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பிறகு மோலிப்டினத்தை உருக்கித் தெளிக்கும் முறை வந்தது. அது உருக 2600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்.

பெற்றோர்களே, இதை ஏன் சொல்கிறேன்? நம் பிள்ளைகள் பலர் ஜொகூர் பாரு, பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். முலாம் பூசும் பட்டறையிலும் வேலை கிடைக்கலாம். குரோமியத் தொட்டியிலிருந்து எழும் ஆவித்துளி மூக்கின் நடுச்சுவரையே துளைத்துவிடும். நுரையீரலில் புற்றுநோயும் தரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1990-லேயே இதை உறுதிப்படுத்தியது. சில நாடுகள் இந்த முறைக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளன.

"சம்பளம் எவ்வளவுங்க?" என்று கேட்கும் பிள்ளை, "ஆவியை வெளியே இழுக்கும் காற்றாடி இருக்கா? முகமூடி கொடுப்பீங்களா?" என்றும் கேட்க வேண்டும். டப்பாவின் மேல் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆகவே பிள்ளைகளின் படிப்பை மூன்றாம் படிவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாம் படிவம் முடித்ததும் தொழிற்பயிற்சிக்கு அனுப்புங்கள். சான்றிதழோடு போகும் பிள்ளை இஞ்சினையும் காப்பான், தன்னையும் காத்துக்கொள்வான்.