பிறப்பைப் பார்த்தல்ல, படத்தைப் பார்த்துச் சொல்வோம்

(கடம்பத்தூரில் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



கனடா குடியேற்றத்துக்கு ஏற்கப்படும் ஆங்கிலத் தேர்வுகளில் ஒன்று செல்பிப். அதன் பேச்சுப் பகுதியில் 8 கேள்விகள். மூன்றாவதில் ஒரு படத்தை விவரிக்க வேண்டும். நான்காவதில், அதே படத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று கணித்துச் சொல்ல வேண்டும். யோசிக்க 30 நொடி, பேச 60 நொடி. எதிரே ஆள் இருக்க மாட்டார், கணினி பதிவுசெய்யும்.

முதல் தலைமுறையாகப் படித்து வந்த நம்மில் பலர் இங்கேதான் தயங்குகிறோம். புத்தகத்தில் உள்ள விடையைக் கேட்ட பள்ளி, 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று நம்மைக் கேட்டதில்லை. இந்தக் கேள்விக்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. கருத்துக் கோவை, சொல்வளம், கேட்பவருக்குப் புரியும் பேச்சு, கேட்டதற்குப் பதில் சொன்னோமா என்ற நான்கையும் பார்த்தே மதிப்பெண்.

காலையில் நம்ம கடம்பத்தூர் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒருவர் ஓடிவருகிறார். ரயில் நகரத் தொடங்கிவிட்டது. அவர் ரயிலைத் தவறவிடப் போகிறார். ஷிப்டுக்குத் தாமதமாகலாம். சூப்பர்வைசருக்கு போன் போடுவார். ஒவ்வொன்றோடும் ஒரு 'ஏனென்றால்' சேருங்கள். கண்ணெதிரே அறிகுறி தெரிந்தால் 'கோயிங் டு', நம்பிக்கையோடு சொல்ல 'வில்', சந்தேகமானால் 'மைட்'. நாற்று நடும் நம் அம்மாக்கள் மேகத்தைப் பார்த்து "மழை வரும் போலிருக்கு" என்பதும் இதே கணிப்புதான்.

சாதியும் கணிப்புச் சொல்கிறது, தோழர்களே. இந்தத் தெருவில் பிறந்தவன் இந்த வேலைதான் செய்வான், இவள் இதற்குமேல் படிக்க மாட்டாள் என்கிறது. பிறந்த தெருவைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை. 'மைட்' என்ற சொல்லும் அதற்குத் தெரியாது. 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் அமர்ந்து நம் உரிமையைப் பேசியதை எந்தச் சாதிய ஆரூடமும் சொல்லியிருக்காது.

ஆகவே படத்தில் இருப்பவரின் உடையையும் நிறத்தையும் வைத்து 'இவர் திருடுவார்' என்று சொல்லாதீர்கள். அவர் கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

தேர்வுக் கட்டணமே கூலிக் குடும்பத்துக்குப் பெரிய சுமை. மனப்பாட வாக்கியங்களுக்கும் காசு கொட்ட வேண்டாம். மாலையில் இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். செய்தித்தாள் படம் ஒன்று, நேரம் பார்க்க ஒரு போன் போதும். ஒருவர் பேச, மற்றவர் 'ஏன்?' என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.