முகாமில் இரவு மேற்பார்வை

கோடை முகாமில் தங்கிப் பயிலக் குழந்தைகளைப் பெற்றோர் அனுப்புவது நம்பிக்கையின் பேரில்தான். பகலில் அவர்கள் ஆசிரியர் பார்வையிலேயே இருப்பர்; விளக்கணைந்த பின்னரே குறை தோன்றுகிறது. நாள் முழுதும் உழைத்தவரையே இரவிலும் விழித்திருக்கச் சொன்னால் அவர் அயர்ந்துவிடுவார். எனவே முறை வைத்துப் பணியாளரை மாற்றுதல், மாறும்போதெல்லாம் குழந்தைகளை எண்ணிப் பதிவேட்டில் கையொப்பமிடுதல், பெரியவர் எவரும் குழந்தையுடன் தனித்திருக்க இடந்தராமை ஆகியன இன்றியமையாதவை.

காவலரே தவறிழைத்தால்? பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்கியுள்ளது. தம்கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 1098 என்னும் உதவி எண் குழந்தைகளின் கண்ணில் படுமாறு எழுதப்பட வேண்டும்.

முகாமின் நற்பெயரினும் குழந்தையின் சொல் பெரிது.