விடுப்பு சலுகையன்று, உரிமை

(தில்லி வட்டாரத் தமிழ் உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மே மாதம் பிறந்தால் தில்லி, குருகிராம், நொய்டா அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரண்டு பயணங்களைப் பற்றிய பேச்சு தொடங்கும். பள்ளி மூடியதும் வீட்டுக்காரர்கள் மணாலிக்கோ நைனிதாலுக்கோ புறப்படுவார்கள். அதே வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் ஜார்க்கண்டிலோ வங்கத்திலோ உள்ள தமது கிராமத்துக்குப் போய்வர விரும்புவார். முதல் பயணத்துக்கு அந்த வீட்டில் எவருடைய அனுமதியும் தேவையில்லை. இரண்டாவது பயணத்துக்கு மட்டும் ஒரு தொழிலாளி பல நாட்கள் தயங்கி, வீட்டு அம்மாவின் முகம் பார்த்து, நேரம் பார்த்து வாய்திறக்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் மூன்று விடைகளில் ஒன்று கிடைக்கும். "நாங்கள் ஊரில் இல்லாதபோது போய்வா, அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது." "எங்களோடு வா, குழந்தையைப் பார்த்துக்கொள், உனக்கும் ஊர் பார்த்ததாக இருக்கும்." "நீ போனால் வேறு ஆள் வைத்துக்கொள்வோம்."

விடுப்பு எப்போது, எத்தனை நாள், எங்கே என்பவற்றை முதலாளியே தீர்மானிக்கிறார் என்பதுதான் மூன்றுக்கும் பொதுவான பொருள். இவற்றுள் மிகவும் வஞ்சகமானது இரண்டாவது விடை. மலைவாசத்தலத்து விடுதியில் குழந்தைக்குச் சோறூட்டி, இரவில் அதன் அழுகைக்கு எழுந்து, பெற்றோர் வெளியே சென்றுவரும்வரை அறையில் காத்திருக்கும் பெண் விடுமுறையில் இருக்கவில்லை. அவர் வேலை செய்கிறார்; வழக்கத்தைவிடக் கூடுதலாகவே செய்கிறார். திரும்பி வந்ததும் "இப்போதுதானே போய்வந்தோம், மறுபடியும் லீவா?" என்ற கேள்வி எழுகிறது. மனக்கசப்பின் விதை அங்கேதான் விழுகிறது.

தோழர்களே, இந்தக் கசப்பு இருபுறமும் இருக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை. அமர்த்துகிற பெண்ணும் பல வேளைகளில் சம்பளத்துக்கு உழைப்பவரே. மகப்பேற்று நலச் சட்டத்தின் 2017 திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. காப்பகமோ பல இடங்களில் ஏட்டோடு நிற்கிறது. இருபத்தேழாவது வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு ஆயாவைத் தவிர வேறு வழியில்லை. ஆயா ஒரு நாள் வராவிட்டால் தமது தற்செயல் விடுப்பில் ஒரு நாள் கழிகிறது. கணவரின் விடுப்பில் கழிவதில்லை என்பதையும் கவனியுங்கள். நிறுவனத்தின்மீதும் அரசின்மீதும் கணவரின்மீதும் எழ வேண்டிய கோபம், எதிர்த்துப் பேச முடியாத ஒருவர்மீது இறங்குகிறது.

மறுபக்கம் இருக்கும் பெண், தம் குழந்தையைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டுவிட்டு, பிறர் குழந்தையை வளர்க்கிறார். சட் பூஜைக்கும் துர்கா பூஜைக்கும் ஊர் திரும்ப முடியாதவர். உண்மையைச் சொன்னால் விடுப்பு கிடைக்காது என்று அனுபவம் கற்பித்திருப்பதால், பாட்டி இறந்துவிட்டதாகச் சொல்கிறார். "உனக்கு எத்தனை பாட்டி?" என்று வீட்டார் சிரிக்கிறார்கள். நோயும் சாவும் மட்டுமே ஒருவரது விடுப்புக்குத் தகுந்த காரணம் என்று யார் விதித்தது? அந்தப் பொய்யை உண்டாக்கியது வேலையின் நிபந்தனையே.

ஆயினும் இரு கசப்புகளும் சமமானவை அல்ல. ஒருவர் கசப்புற்றால் சம்பளத்தைப் பிடிக்கலாம், ஆளை நிறுத்தலாம், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதி வேறு வீடுகளிலும் வேலை கிடைக்காமல் செய்யலாம். மற்றவர் கசப்பை விழுங்கிக்கொள்ள வேண்டும், அல்லது ஒருநாள் சொல்லாமல் ஊருக்கு ரயில் ஏற வேண்டும். "நீ எங்கள் வீட்டில் ஒருத்தி" என்ற சொல் இந்த வர்க்க உறவை மூடும் திரை. வீட்டில் ஒருத்தியாயின், வீட்டார் ஓய்வெடுக்கும்போது அவரும் ஓய்வெடுப்பாரல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 'தொழில்' என்பதன் விளக்கத்திலிருந்து வீட்டுப் பணியை வெளிப்படையாகவே விலக்குகிறது. பணிப் பாதுகாப்புத் தொகுப்பின்படி 180 நாட்கள் உழைத்தவருக்கு 20 நாட்களுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஆனால் அதன் பொதுவான வரம்பு பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனங்களே. ஒரே ஒரு தொழிலாளி இருக்கும் வீடு அதற்கு வெளியே நிற்கிறது. வீட்டுத் தொழிலாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தேவையா என்பதை ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. தேசிய அளவில் தனிச்சட்டம் இன்றுவரை வரவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூனில் வீட்டுத் தொழிலாளர்களுக்கான 189ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்திய அரசும் ஆதரித்து வாக்களித்தது. ஆனால் இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணிநேரமாவது ஓய்வு வேண்டும் என்றும், ஓய்வு நேரத்திலும் ஆண்டு விடுப்பிலும் அந்த வீட்டிலோ வீட்டாரோடோ இருக்குமாறு தொழிலாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அது கூறுகிறது. அதனோடு வந்த 201ஆவது பரிந்துரை, வீட்டார் சுற்றுலா செல்லும்போது உடன்செல்லும் காலத்தை ஆண்டு விடுப்பில் கழிக்கக் கூடாது என்றே சொல்கிறது. மணாலி விடுதியின் அறை வரை உலகத் தொழிலாளர் சட்டம் எட்டிப் பார்த்திருக்கிறது. நமது நாடாளுமன்றம் பார்க்கவில்லை. பிரேசிலில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டுத் தொழிலாளர் சட்ட உரிமையோடு ஆண்டுக்கு 30 நாட்கள் ஊதிய விடுப்புப் பெறுகின்றனர்.

2025 ஜூன் 1 அன்று ஜங்புராவின் மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டதை நாம் அறிவோம். அங்கிருந்த நம் தமிழ்ப் பெண்கள் பலர் அக்கம்பக்கத்து வீடுகளில் உழைத்தவர்கள். மாற்றுவீடு கிடைத்தவர்களுக்கும் அது நகரத்தின் மறுகோடியில், நரேலாவில். சொந்த வீடு இடிந்த நாளுக்குக்கூட ஊதிய விடுப்புக் கேட்கும் உரிமை அவர்களுக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை.

1919இல் 'மகத்தான தொடக்கம்' என்ற கட்டுரையில் லெனின், பொது உணவகங்களையும் குழந்தைகள் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் முளைகளாகக் குறிப்பிட்டார். குழந்தை வளர்ப்பு சமூகப் பொறுப்பாக மாறாதவரை, ஒரு பெண்ணின் விடுப்பு இன்னொரு பெண்ணின் விடுப்பைத் தின்றுகொண்டுதான் இருக்கும். எனவே ஊதிய விடுப்புக் கோரிக்கையையும் பொதுக் காப்பகக் கோரிக்கையையும் இணைத்தே எழுப்ப வேண்டும். அப்போதுதான் அமர்த்துகிற உழைக்கும் பெண்ணையும் நம் பக்கம் வென்றெடுக்க முடியும்.

இறுதியாக, சங்கடமான ஒரு செய்தி. இந்த அறையில் இருப்பவர்கள் சிலரது வீட்டிலும் வீட்டுத் தொழிலாளி இருக்கிறார். அவருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டா? ஆண்டு விடுப்பு எத்தனை நாள் என்று முன்கூட்டியே பேசி எழுதியிருக்கிறோமா? நாம் ஊருக்குப் போகும் நாட்களுக்குச் சம்பளம் தருகிறோமா? சட்டம் வரும்வரை காத்திருக்க நமக்கு உரிமையில்லை. தொழிற்சாலை வாயிலில் எட்டுமணி நேர உழைப்பைப் பற்றிப் பேசிவிட்டு, வீடு திரும்பியதும் "நாளைக்கும் லீவா?" என்று முகம் சுளிக்கும் உறுப்பினரை அந்தத் தொழிலாளி எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்று நினைப்பார்?

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் வீட்டுத் தொழிலாளர்களைச் சந்தித்துச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். வாராந்திர ஓய்வு, ஊதியத்துடன் ஆண்டு விடுப்பு, 189ஆவது உடன்படிக்கைக்கு ஏற்புறுதி, தனிச்சட்டம் ஆகிய கோரிக்கைகளைத் தெருவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு முன், இன்று இரவே, நம் வீட்டிலிருந்து தொடங்குவோம்.