ஆற்றைக் கேட்காமல் போட்ட கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது தொழில்நுட்பமாகப் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். நான் கோவையில் பம்ப் வடிவமைப்பவன். பம்பைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவீர்கள். அதனால் கடந்த பொங்கல் விடுமுறையில் இதே காரைக்கால் அரசலாற்றில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அதில் தொழில்நுட்பமும் இருக்கிறது, கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது.

முதலில் ஒரு வாக்குமூலம். நான்கு வருடம் கடலோரத்தில் படித்தும் எனக்கு நீச்சல் தெரியாது. வேலை நிமித்தம் ஜெர்மனியில் இருந்தபோது, ஏரியில் பாய் கட்டிய பலகையில் நின்றபடி போகிறவர்களைப் பார்த்து ஆசைப்பட்டேன். பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி, "நீந்தத் தெரியுமா?" தெரியாது என்றேன். திருப்பி அனுப்பிவிட்டார். 29 வயதில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு நின்று நீச்சல் கற்றுக்கொண்டு, அதன் பிறகுதான் பலகை ஏறினேன்.

அந்த விளையாட்டுக்குப் பெயர் விண்ட்சர்ஃபிங். 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதன் படகுப் போட்டிகள் மார்சேய் கடலில் நடந்தபோது, பலகைக்கு அடியில் ஃபாயில் வந்துவிட்டது. ஃபாயில் என்றால் என்ன? பலகையின் அடியில் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு தண்டு. அதன் முனையில் ஆகாய விமானத்துக்கு இருப்பது போல முன் சிறகு ஒன்று, பின் சிறகு ஒன்று. வேகம் வந்ததும் சிறகு பலகையைத் தண்ணீரை விட்டே தூக்கிவிடும். இது புதுச் சரக்கு அல்ல. இத்தாலியப் பொறியாளர் ஃபோர்லானினி 1906இலேயே இப்படி ஒரு படகை ஏரியில் ஓட்டிக் காட்டினார்.

மாணவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. நானும் பலகையும் பாயுமாகச் சுமார் 100 கிலோ. முன் சிறகின் பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர், ஒரு முறத்தைவிடச் சிறியது. தண்ணீரில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் கிடைத்தால் இந்தச் சிறகே 100 கிலோவைத் தூக்கிவிடும். இதே சிறகு காற்றில் அதே எடையைத் தூக்க மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் வேண்டும். காரணம், தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல 800 மடங்கு. நம் பம்பின் இம்பெல்லர் தகடும் இதே சூத்திரத்தின் பிள்ளைதான்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் பிற்பகல். நல்ல வாடைக்காற்று. கணக்கெல்லாம் போட்டு, லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஆற்றில் இறங்கினேன். கரையில் நல்ல கூட்டம். வேகம் கூடியது, பலகை எழும்பியது. பலகையின் அடியில் அதுவரை அடித்த தடதடப்பு சட்டென்று நின்றது. கப்பி ரோட்டில் சைக்கிள் ஓட்டியவன் தார் ரோட்டில் ஏறியது மாதிரி! கரையில் விசில். ஊரில் பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை.

முகத்துவாரத்தை நெருங்கும்போது சிறகு மணலில் இடித்தது. நான் பாய்க்கு முன்னால் போய் விழுந்தேன். பின் சிறகு முறிந்து தொங்கியது, கணுக்காலில் வெட்டு. மூன்று முறை பாயைத் தூக்கிப் பார்த்தேன், மூன்று முறையும் விழுந்தேன். அதற்குள் வற்றுகிற தண்ணீர் என்னைக் கடல் பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டது. எதிரே காற்று, அடியில் நீரோட்டம், இரண்டும் மோதுகிற இடத்தில் அலை எழும்பி எழும்பி விழுகிறது. பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினேன். கரையில் இருந்தவர்கள் அதையும் வித்தை என்று நினைத்துத் திருப்பிக் கை ஆட்டினார்கள்!

ஃபைபர் படகில் வந்த ஒரு பெரியவருக்குத்தான் விஷயம் புரிந்தது. என்னையும் பலகையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு கரை சேர்த்தார். நான் நடுங்கிக்கொண்டே, "இங்க ஆழம்னு நெனச்சேங்க ஐயா" என்றேன்.

"ஆழமாத்தான் இருந்துச்சு தம்பி. ரெண்டு நாளா அடிச்ச வாடையில மண்ணு ஏறிடுச்சு. எறங்குறப்ப ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பனே. நான் அங்கனதானே வலை பிரிச்சிக்கிட்டு இருந்தேன்."

அவர் சொன்னது உண்மை. பலகையை இறக்கும்போது அவரைத் தாண்டித்தான் நடந்து போனேன். நம் கடற்கரையில் வாடைக்காலத்தில் மணல் தெற்கே நகரும், தென்மேற்குப் பருவத்தில் வடக்கே நகரும், அதனால் ஆற்று வாயின் மணல் மேடு இடம் மாறும் என்று நானே பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவன். ஆனால் அன்றைக்கு அந்த மேடு எங்கே இருக்கிறது என்பது புத்தகத்தில் இல்லை. அதைத் தெரிந்தவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? ஜெர்மனியில் பழகிய ஆளுக்கு வலை பிரிக்கிறவரிடம் கேட்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். வேறு காரணம் இல்லை. உலகமே 'கட்டமரான்' என்று வாங்கிக்கொண்ட சொல் இவர்களுடைய கட்டுமரம்தானே!

அதற்குப் பிறகு என் தொழிலிலும் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நீரேற்று நிலையத்துக்குப் போனால் வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் மோட்டார் போடுகிறவரைத் தேடிப் போகிறேன். எந்த மாதம் எவ்வளவு சேறு வரும் என்று அவர் சொல்லுவார்.

மாணவச் செல்வங்களே, தண்ணீருக்குப் பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. 2023 ஆசிய விளையாட்டில் ஈபாத் அலி விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வாங்கினார். பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நம் சென்னையின் நேத்ரா குமணன். உங்களாலும் முடியும். ஆனால் இந்த அரங்கில் நீந்தத் தெரியாதவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்பும்? சாயங்காலமானால் கடற்கரைக்குப் போகிறவர்கள் நீங்கள். எனக்கு லைஃப் ஜாக்கெட் இருந்தது, நீச்சலும் தெரிந்திருந்தது. இரண்டும் இல்லாத அந்தப் பழைய மாணவனாக இருந்திருந்தால், இன்று இந்த மேடையில் வேறு யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டும் முதலாண்டு மாணவ மாணவியருக்கு நீச்சல் பயிற்சி ஏற்பாடு செய்வோம். கடலையும் ஆற்றையும் பற்றிச் சொல்லித் தர மீனவப் பெரியவர்களை அழைப்போம், அதற்கு உரிய மதிப்பூதியமும் கொடுப்போம். முதல் தவணையாக 10 லைஃப் ஜாக்கெட்டுகள் என் செலவு. அந்தப் பெரியவரிடமும் பேசிவிட்டேன். "புள்ளைங்கள அனுப்புங்க, பாத்துக்கலாம்" என்றார்.